டி.என். நம்பர் பிளேட் எழுத்தை வச்சு நீளமான இங்கிலீஷ் வார்த்தை: மகள்கிட்ட தினமும் தோக்கிறேன், வழி சொல்லுங்க

வண்டலூர்வாசி | திங்கள், காலை 9:40

பொண்ணை ஸ்கூட்டர்ல ஸ்கூல்ல விடுறது என் டியூட்டி. ஜி.எஸ்.டி. ரோட்டுல பெருங்களத்தூர் தாண்டுறதுக்குள்ள நாலு இடத்துலயாவது வண்டி நின்னுடும். அந்த நேரத்துக்குன்னு அவளே ஒரு விளையாட்டு பண்ணி வச்சிருக்கா. முன்னாடி நிக்கிற வண்டியோட நம்பர் பிளேட்ல எண்ணை விட்டுடணும், எழுத்தை மட்டும் எடுத்துக்கணும். அந்த எழுத்து எல்லாம் அதே வரிசையில ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குள்ள வரணும். நடுவுல வேற எழுத்து எத்தனை வேணாலும் புகுந்துக்கலாம். யார் வார்த்தை நீளமோ அவங்க ஜெயிச்சாங்க.

போன வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டோ. டி.என்., அப்புறம் பி.ஒய். நான் மண்டையக் கசக்கி "ஸ்டாண்ட்பை"ன்னேன். 7 எழுத்து. பச்சை விழறதுக்குள்ள சொல்லிட்டோம்னு பெருமை வேற. பின்னாடி இருந்து "அன்க்வெஸ்ச்சனப்ளி"ன்னு குரல் வருது. 14 எழுத்து. அவ எட்டாவது படிக்கிறா. நான் எம்.காம்.

இன்னைக்கு டி.என். சி.இசட். ரெண்டு பேருக்கும் வரல. இதுக்குன்னு ஏதாவது வழி இருக்கா, இல்ல டிக்‌ஷனரியை உருப்போடணுமா?

ரெண்டாவது_காபி | திங்கள், காலை 9:58

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? எந்த பிளேட் வந்தாலும் "நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ்"னு அடிச்சு விடுங்க. 45 எழுத்து. எல்லா எழுத்தும் உள்ள இருக்கும். பொண்ணு அதோட விளையாட்டையே விட்டுடும்.

மாடரேட்டர் | திங்கள், காலை 10:05

இந்தத் தளத்துல தமிழ் எழுத்து மட்டும்தான், தெரியும்ல? இங்கிலீஷ் வார்த்தையையும் தமிழ்லயே எழுதுங்க. குழப்பம் வராம இருக்க: பாம்பே பி, பாண்டி பி. டெல்லி டி, தாம்பரம் டி. வெறும் "டி.என்."னா தாம்பரம் டி-ன்னு எடுத்துக்குவோம்.

கருப்புத்திரை | திங்கள், காலை 10:31

@ரெண்டாவது_காபி, எல்லா எழுத்தும் இருக்கும்னு யார் சொன்னா? ஒக்காந்து எண்ணிப் பார்த்தேன். அந்த 45-ல தாம்பரம் டி ஒரே ஒரு இடத்துலதான் வருது, அல்ட்ரா-ல. அதுக்குப் பிறகு முதல் என் வர்றது வால்கேனோ-ல. அதையும் தாண்டினா மிச்சம் ஓ, சி, ஓ, என், ஐ, ஓ, எஸ், ஐ, எஸ். நம்ம ஊர் பிளேட்ல ஐ-யும் ஓ-வும் தர்றதில்ல, ஒண்ணு, பூஜ்யத்தோட குழம்பும்னு. ஆக டி.என்.-க்குப் பின்னாடி சி, என், எஸ் வந்தா மட்டும்தான் அந்த ராட்சசன் உதவுவான்.

தவிர அது நோய்க்குன்னு டாக்டர்கள் வச்ச பேர் இல்ல. 1935-ல அமெரிக்காவுல நேஷனல் பஸ்லர்ஸ் லீக்னு ஒரு புதிர்ப் பிரியர்கள் சங்கத்தோட தலைவர் எவரெட் ஸ்மித் "இதான் நீளமான வார்த்தை"ன்னு சொல்றதுக்காகவே ஒட்டுப் போட்டு செஞ்சது. நுரையீரல்ல தூசி படியற அந்த நோயை டாக்டர்கள் சிலிகோசிஸ்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

ரெண்டாவது_காபி | திங்கள், காலை 10:36

சரி, "ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்"? 29.

கருப்புத்திரை | திங்கள், காலை 10:44

அதுல 9 ஐ இருக்கு, ஒரு ஈ கூடக் கிடையாது. டி-யும் ஒண்ணுதான், கடைசி "டி, ஐ, ஓ, என்"ல. என் வந்த உடனே வார்த்தையே முடிஞ்சுடுது. வெறும் டி.என்.-னு ஒரு வண்டி வந்தா சொல்லலாம். அப்படி ஒரு வண்டி வந்தா நீங்க டிராஃபிக் போலீஸைக் கூப்பிடணும்.

ஆனா "ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்" ஆபத்தான ஆளு. 28. முதல் டி ஆன்டி-ல. அதுக்கப்புறம் வர்ற முதல் என் மென்ட்-ல. மிச்சம் டி, ஏ, ஆர், ஐ, ஏ, என், ஐ, எஸ், எம். ஏ.எம்., ஏ.என்., ஏ.ஆர்., ஏ.எஸ். நாலு வரிசைக்கும் பதில் ரெடி. சென்னை மாநகர பஸ்ல நிறைய ஏ.என்.தான். அதனால இதை முதல்லயே தடை பண்ணிடுங்க, இல்லன்னா ஒவ்வொரு பஸ்சுக்கும் பின்னாடி இதையே கேக்க வேண்டி வரும்.

ஹையர்_பாஸ் | திங்கள், மதியம் 1:15

சமையல் முடிச்சிட்டு இப்பத்தான் பார்த்தேன். தம்பி வண்டலூர், இதுக்கு வழி இருக்கு. நான் 31 வருஷம் ஸ்டெனோவா இருந்து ரிட்டையர் ஆனவ. ஷார்ட்ஹேண்ட் ஹையர், டைப்ரைட்டிங் ஹையர் ரெண்டும் பாஸ், அதான் பேரே.

பிட்மன் ஷார்ட்ஹேண்ட்ல (பேசற வேகத்துக்குக் கோடும் புள்ளியுமா எழுதற சுருக்கெழுத்து) முழு வார்த்தையை உருப்போட மாட்டோம், துண்டு துண்டாத்தான் படிப்போம். கான்-, காம்-னு ஆரம்பிச்சா முன்னாடி ஒரு புள்ளி. -இங்னு முடிஞ்சா பின்னாடி ஒரு புள்ளி. -ஷன்னு முடியற எல்லாத்துக்கும் கோட்டு முனையில ஒரு கொக்கி, அதுக்குப் பேரே ஷன் ஹூக். -பிலிட்டின்னு வந்தா கோட்டை ஒட்டாமத் தள்ளி எழுதணும். ஆபீசர் வாயைத் திறக்கும்போதே காதுல துண்டுதான் விழும். "இன்டர்-சேஞ்ச்-அ-பிலிட்டி." நாலே அசைவுல முடிஞ்சுடும், ஆனா டைப் அடிக்கும்போது 18 எழுத்து.

உங்க பொண்ணு அன்க்வெஸ்ச்சனப்ளி சொன்னதும் இப்படித்தான் இருக்கணும். பி.ஒய்.னு பார்த்த உடனே அவளுக்கு -ஏபிஎல்ஒய்ங்கற வால் கண்ணுல பட்டிருக்கும். வாலைப் பிடிச்சுட்டா மாட்டைப் பிடிச்ச மாதிரி. நீங்க தலையில இருந்து ஆரம்பிச்சு எஸ், டி, ஏ, என்னு வரிசையா நடந்து போயிருக்கீங்க.

உங்களுக்கு டி-யும் என்-னும் மாறாது. அது பெரிய அதிர்ஷ்டம். டி-க்குப் பின்னாடி என் வர்ற துண்டு எதெதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்குங்க: டிரான்ஸ்-. இன்டர்நேஷனல். கவுன்டர்-னு ஆரம்பிச்சு உள்ள ஒரு என் வர்றது. டெக்னோ-. ஸ்டெனோ-. -ட்டிவ்நெஸ். -ஷனல், -ஷனலி. அதுக்கு மேல கடைசி ரெண்டு எழுத்துக்கு மட்டும் வால் தேடினாப் போதும்.

சி.இசட்.-க்கு என் பதில்: டிரான்ஸ் போட்டாச்சு, டி-யும் என்-னும் வந்தாச்சு. இசட்னா -ஐஸ் வால், அமெரிக்கக்காரன் எழுதற மாதிரி இசட் போட்டு. நடுவுல ஒரு சி. "டிரான்ஸ்சென்டென்டலைஸ்". 17.

வண்டலூர்வாசி | திங்கள், மதியம் 1:32

அம்மா!!! காலையில 11 நிமிஷம் அந்த பிளேட்டையே முறைச்சுப் பார்த்திருக்கேன். அந்த கார்க்காரர் என்னைத் திருடன்னு நினைச்சு கண்ணாடியில பார்த்துட்டே வந்தாரு.

பட்டறைக்காரன் | திங்கள், மதியம் 2:20

ஏனுங், பெரிய படிப்பாளிங்க பேசற எடத்துல நான் ஒண்ணு சொல்லலாமுங்ளா. கோயமுத்தூர்ல ஃபேப்ரிகேஷன் பட்டறைங்க. படிச்சது ஐ.டி.ஐ. ஃபிட்டர். இழையப் படிச்சுட்டு வெளிய பாத்தனுங்க, லோடு ஏத்த வந்த டெம்போ பிளேட்டுல டி.என்., பி.கே. பாம்பே பி-ங்க. கையில அப்பத்தான் டர்ன்பக்கிள் வச்சிருந்தனுங்க. ஷெட்டுக் கூரைக்கு ஸ்டே ஒயர் இழுத்துக் கட்டறதுக்கு ரெண்டு பக்கமும் மரை, ஒண்ணு வலது மரை, ஒண்ணு இடது மரை, நடுவுல திருகுனா ரெண்டும் உள்ள வரும். டப்பா மேல இங்கிலீஷ்ல போட்டிருந்ததை ஒவ்வொரு எழுத்தா பாத்தனுங்க. டி, யு, ஆர், என், பி, யு, சி, கே, எல், ஈ. டி இருக்கு, என் இருக்கு, பி இருக்கு, கே இருக்கு. வரிசையாவும் இருக்கு. 10 எழுத்துங்க.

பசங்க எல்லாம் கைதட்டுனாங்க. டெம்போக்காரருக்கு ஒண்ணும் புரியல.

ஹையர்_பாஸ் | திங்கள், மதியம் 2:41

தம்பி, பி.கே.வுக்கு எனக்கு வரவே இல்ல, உண்மையைச் சொல்றேன். அருமை.

கருப்புத்திரை | திங்கள், மாலை 4:10

இதெல்லாம் ஒரு வரி கமாண்டு வேலைங்க. லினக்ஸ், மேக் ரெண்டுலயும் ஒரு வார்த்தைப் பட்டியல் ஃபைல் இருக்கும் (சில லினக்ஸ்ல தனியா போட்டுக்கணும்). அதுக்குள்ள தேட க்ரெப்னு ஒரு கமாண்டு. தேட வேண்டியது: டி, புள்ளி, நட்சத்திரம், என், புள்ளி, நட்சத்திரம், சி, புள்ளி, நட்சத்திரம், இசட். புள்ளின்னா "ஏதோ ஒரு எழுத்து". நட்சத்திரம்னா "அது எத்தனை தடவை வேணா, வராமயும் போகலாம்". வந்ததை நீளப்படி வரிசைப்படுத்தினா கடைசி வரிதான் பதில். கண் இமைக்கிற நேரம்.

ஆனா ஒரு எச்சரிக்கை. மேக்ல பழைய காலத்துல இருந்து வர்ற ஃபைல் 1934-ல வந்த வெப்ஸ்டர் டிக்‌ஷனரி இரண்டாம் பதிப்போட தலைச்சொல் பட்டியல். ரெண்டே கால் லட்சத்துக்கு மேல வார்த்தை, ஆனா பன்மை, இறந்த காலம் எல்லாம் பெரும்பாலும் கிடையாது. நீங்க "ஸ்ட்ரெங்த்ஸ்"ஸைத் தேடினா கிடைக்காது, ஸ்ட்ரெங்த்தான் இருக்கும். அதுல நீளமானது 24 எழுத்து. "சயின்டிஃபிகோஃபிலசாஃபிகல்" மாதிரி, வாழ்க்கையில யாரும் சொல்லாதது.

வார்த்தை விளையாட்டு ஆளுங்க வேற பட்டியல் வச்சிருக்காங்க, எனேபிள்னு பேரு. 1,72,000 சொச்சம். அதுல பன்மை எல்லாம் இருக்கும். அதோட நீளமான வார்த்தை "எத்திலின்டையமீன்டெட்ராஅசிட்டேட்ஸ்", 28. இது என்னன்னு கேக்காதீங்க.

ஊதாமூடி | திங்கள், மாலை 4:52

கேட்டுத்தான் ஆகணும், ஏன்னா நான் அதைத் தினம் கையில வச்சிருக்கேன் 🙂 லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுக்கும்போது ஊதா மூடி போட்ட சின்ன ட்யூப் பார்த்திருப்பீங்க, ஹீமோகுளோபின், ரத்த அணு எண்ணிக்கை பார்க்கறதுக்கு. அதுக்குள்ள இருக்கறதுதான், ஈ.டி.டி.ஏ.ன்னு சொல்லுவோம். ரத்தம் உறையறதுக்குக் கால்சியம் வேணும். இது கால்சியத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும், ரத்தம் உறையாம இருக்கும். ட்யூபை ஏழெட்டுத் தடவை மெல்லக் கவுத்து நிமுத்தணும், குலுக்கக் கூடாது. புதுசா வர்ற பிள்ளைங்க குலுக்கிடுவாங்க, அணு உடைஞ்சு சாம்பிள் வீணாப் போயிடும்.

இவ்வளவு நாளா நாலு எழுத்துன்னு நினைச்சிட்டிருந்தேன். 28-ஆ!

வண்டலூர் சார், டி.என். ஏ.சி. வந்தா இதைச் சொல்லுங்க. டி ரெண்டாவது எழுத்துலயே வந்துடும், என் லின்-ல, ஏ டையமீன்-ல, சி அசிட்டேட்ல.

நூறுகட்டை | திங்கள், இரவு 8:03

க்ரெப் போட்டுத் தேடறது விளையாட்டு இல்ல, @கருப்புத்திரை. அது கால்குலேட்டர் வச்சு வாய்ப்பாடு சொல்ற மாதிரி.

ஸ்கிராபிள் (எழுத்துக் கட்டைகளைப் பலகையில அடுக்கி வார்த்தை சேர்க்கிற விளையாட்டு) ஆடறவன்ங்கற முறையில ரெண்டு விஷயம். ஒண்ணு, ஸ்டெனோ அம்மா சொன்ன அதிர்ஷ்டம் கணக்குலயே தெரியும். ஸ்கிராபிளைக் கண்டுபிடிச்ச ஆல்ஃபிரட் பட்ஸ் 1930-கள்ல நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துல எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணித்தான் கட்டைகளைப் பிரிச்சாரு. மொத்தம் 100 கட்டை. ஈ-க்கு 12. டி-க்கு 6, என்-னுக்கு 6. ரெண்டுமே தாராளமா வர்ற எழுத்து. பக்கத்து வீட்டைப் பாருங்க: கேரளா கே.எல்., கர்நாடகா கே.ஏ. கே-க்கு ஒரே ஒரு கட்டை, அதுக்கு 5 பாயிண்ட், ஏன்னா வர்றதே அபூர்வம். பாலக்காட்டுல இந்த விளையாட்டை ஆடறவங்க நிலைமையை யோசிங்க. ஒவ்வொரு வண்டிக்கும் "அக்னாலெட்ஜ்மென்ட்"லயே தொங்கணும்.

ரெண்டாவது, பெரிய ஆட்டக்காரங்க வார்த்தையை வார்த்தையாப் பார்க்கறதில்ல. கையில இருக்கிற ஏழு எழுத்தை அகர வரிசையில அடுக்கி அந்த அடுக்கை ஞாபகம் வச்சுப்பாங்க. ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி-ன்னு ஒரு அடுக்கு பார்த்தா ரீடெய்ன்ஸ், நாஸ்டியர், ரெட்டினாஸ், ஸ்டெய்னர் எல்லாம் சேர்ந்து வரும். அர்த்தம் தேவையே இல்ல. நியூஸிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல பிரெஞ்சு ஸ்கிராபிள் சாம்பியன் ஆனாரு. அவருக்கு பிரெஞ்சு பேச வராது.

கருப்புத்திரை | திங்கள், இரவு 8:20

அப்போ அர்த்தம் தெரியாம உருப்போடறது விளையாட்டு, அர்த்தம் தெரியாம மெஷின்ல தேடறது கால்குலேட்டரா? ரிச்சர்ட்ஸ் மண்டைக்குள்ள ஓடறதும் க்ரெப்தான் சார். அவர் கமாண்டு டைப் அடிக்கல, அவ்வளவுதான்.

நூறுகட்டை | திங்கள், இரவு 8:26

மண்டைக்குள்ள ஏத்தினாரே, அதுதான் வித்தியாசம். பலகைக்கு முன்னாடி ஒக்காரும்போது அவர் கையில மெஷின் இல்ல.

ஹையர்_பாஸ் | திங்கள், இரவு 8:45

சண்டை வேண்டாம். எனக்கு ரெண்டு பேரும் சொல்றது பிடிக்கல. அர்த்தம் இல்லாத வார்த்தை எதுக்கு? டிக்டேஷன்ல அர்த்தம் புரியாம எழுதினா திருப்பிப் படிக்கும்போது மாட்டிக்குவோம். பிட்மன் எழுத்தை எழுதறதில்ல, சத்தத்தை எழுதறது. உயிர் ஒலிக்குப் போட வேண்டிய புள்ளி, கோட்டை வேகத்துல விட்டுடுவோம். ஒரே கோட்டுக்கு நாலு வார்த்தை வரும், அர்த்தம் பார்த்துத்தான் எதுன்னு முடிவு பண்ணணும். வண்டலூர் தம்பி, வீட்டு விதியா ஒண்ணு வச்சுக்கோங்க: அர்த்தம் சொல்லி ஒரு வாக்கியத்துல வச்சுக் காட்டினாத்தான் பாயிண்ட்.

அப்புறம் டி.என்., ஏ.ஹெச். வந்தா எனக்காக ஒருதடவை "ஸ்டெனோகிராஃபர்"னு சொல்லுங்க. 12 எழுத்து. ஏ, பாண்டி பி வந்தாலும் அதே.

பனங்கிழங்கு | செவ்வாய், காலை 6:30

யாழ்ப்பாணத்தில இருந்து. நல்ல இழை, ராத்திரி நித்திரை கொள்ளாமல் வாசிச்சனான். எங்கட பழைய வாகன இலக்கத்தில மாகாண எழுத்து இருக்கும். வடக்குக்கு என்., பாண்டி பி. உங்கட டி.என். மாதிரி இலேசில்லை. என்-னுக்குப் பிறகு பி வாற துண்டு குறைவு. நான் முதல்ல கண்டுபிடிச்ச சொல்லு "இன்டிபென்டன்ஸ்". தம்பி சொன்னான், "அக்கா, இதைச் சத்தமாச் சொல்லாத" எண்டு.

அது கிடக்கட்டும். தமிழில இருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை ஆரும் பாக்கேல்லையே. கட்டுமரம் "கட்டமரான்" ஆனது. ஒன்பது எழுத்து, அதில நாலு ஏ, வேற உயிரெழுத்தே இல்லை. டி-யும் என்-னும் இருக்கு, ஆனால் என் கடைசியில. பிரயோசனமில்லை. மிளகுத்தண்ணி "மல்லிகடானி" ஆனது. எம், யு, எல், எல், ஐ, ஜி, ஏ, டி, ஏ, டபிள்யூ, என், ஒய். 12. டி இருக்கு, என் இருக்கு, பிறகு ஒரு ஒய்யும் இருக்கு.

ரெண்டாவது_காபி | செவ்வாய், காலை 7:15

மிளகு ரசத்துக்கு 12 எழுத்தா! எங்க வீட்டுல "ரசம்"னு மூணு எழுத்துல முடிச்சுடறாங்க.

லண்டன்_மழை | செவ்வாய், மதியம் 12:40

இங்க பிளேட்ல முதல்ல ரெண்டு எழுத்து, ரெண்டு எண், கடைசில மூணு எழுத்து. 2001-ல இருந்து இப்படித்தான். நீண்ட தூரம் கார்ல போகும்போது அந்தக் கடைசி மூணை வச்சு என் பசங்களும் இதே விளையாட்டுதான். மோட்டார்வேல 70 மைல் வேகத்துல முன்னாடி போறவன் பிளேட்டைப் படிக்கிறதுக்குள்ள அவன் அடுத்த ஊர் போயிடுவான். உங்க பெருங்களத்தூர்தான் இதுக்குச் சரியான மைதானம்.

டி.வி.ல கவுன்ட்டவுன்னு ஒரு நிகழ்ச்சி, 1982 நவம்பர்ல ஆரம்பிச்சு இன்னும் ஓடுது. 9 எழுத்து கொடுப்பாங்க, 30 செகண்ட். பார்த்துட்டே நான் ஆறெழுத்துலயே நிப்பேன். பக்கத்து வீட்டுப் பாட்டி டீ கலக்கிக்கிட்டே எட்டு சொல்லுவாங்க.

முத்துக்குளி | செவ்வாய், மாலை 5:05

எல்லாம் சரி. இவ்வளவு மெனக்கெடறதைத் தமிழ்ல மெனக்கெட்டா என்ன? அந்தக் குழந்தைக்குத் தமிழ்ல 12 எழுத்து வார்த்தை ஒண்ணு சொல்லத் தெரியுமா?

கருப்புத்திரை | செவ்வாய், மாலை 5:30

நம்பர் பிளேட்டைத் தமிழ்ல மாத்தச் சொல்லுங்க, ஆடிடலாம். தமிழ்ல நீளமான வார்த்தைக்கு முடிவே கிடையாது சார், ஒட்டிக்கிட்டே போகலாம். "போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்"னு ஆரம்பிச்சா மகளும் அப்பாவும் செங்கல்பட்டு வரைக்கும் போவாங்க.

ஹையர்_பாஸ் | செவ்வாய், மாலை 6:10

முத்துக்குளி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நம்மகிட்ட இந்த எழுத்து விளையாட்டு புதுசா என்ன? நிரோட்டகம்னு உதடு ஒட்டாமயே முழுப் பாட்டு பாடியிருக்காங்க. ப, ம, வ, உ, ஊ, ஒ ஒண்ணும் வரக் கூடாது. உதட்டுல குச்சி வச்சுக்கிட்டுச் சொல்லிப் பார்க்கலாம். அப்பா, அம்மான்னு கூடச் சொல்ல முடியாது. ஸ்கூட்டர்ல அதையும் ஒருநாள் ஆடிப் பாருங்க தம்பி, ஹெல்மெட்டுக்குள்ள குச்சி மட்டும் வேண்டாம்.

அரசு பஸ்சுக்கு வெறும் என் வரிசையும் இருக்கே, டி.என்., என். அதுக்கு "டின்டினாபுலேஷன்" வச்சுக்குங்க. மணிச்சத்தம்னு அர்த்தம். 16. முதல் ஏழு எழுத்துலயே டி, என், என் மூணும் வந்துடும்.

நூறுகட்டை | செவ்வாய், இரவு 9:00

டின்டினாபுலேஷனை விட "டிரான்ஸ்கான்டினென்டல்" அதே 16, ஆனா அர்த்தம் சொல்றது சுலபம். 20 வேணும்னா "இன்டர்நேஷனலைசேஷன்". சாஃப்ட்வேர் ஆளுங்க அதைத் தினமும் எழுத முடியாம முதல் ஐ, கடைசி என், நடுவுல இருக்கிற எழுத்தோட எண்ணிக்கைன்னு போட்டு "ஐ-18-என்" ஆக்கிட்டாங்க. அதுலயே விடை இருக்கு, 18 கூட்டல் 2.

டி.என். பி.எக்ஸ்.-க்கு "டின்டர்பாக்ஸ்". தீப்பெட்டி வர்றதுக்கு முன்னாடி சிக்கிமுக்கிக் கல்லும் பஞ்சும் வச்சிருந்த டப்பா. 9தான், ஆனா எக்ஸ்-க்கு இது பெரிய விஷயம்.

க்யூ தனியா வந்தா "டிரான்க்விலைசர்", இங்கிலாந்துக்காரன் மாதிரி ரெண்டு எல் போட்டா 13. ஆனா பாம்பே பி, க்யூ சேர்ந்து வந்தா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். டி.என். பி.க்யூ. பிடிபடவே மாட்டேங்குது.

பட்டறைக்காரன் | செவ்வாய், இரவு 9:22

நம்ம பட்டறையில எந்த டப்பா மேலயும் க்யூ இல்லீங்க. எல்லாத்தையும் திருப்பிப் பாத்துட்டனுங்க. "டார்க் ரென்ச்"சுல ஒரு க்யூ இருக்குதுங்க, ஆனா க்யூ வந்த பொறவுதான் என் வருதுங்க.

வண்டலூர்வாசி | வெள்ளி, காலை 9:25

நாலு நாளா ஆளைக் காணோமேன்னு நினைச்சிருப்பீங்க. படிச்சிட்டிருந்தேன். ஸ்டெனோ அம்மா சொன்னபடி டி-க்குப் பின்னாடி என் வர்ற துண்டையெல்லாம் எழுதி வண்டியில அவ கண்ணுல படாத இடமாப் பார்த்து ஒட்டி வச்சேன். பொண்ணு பார்த்துட்டா. கிழிச்சுட்டா. மனப்பாடம் பண்ண வேண்டியதாப் போச்சு.

வீட்டு விதியும் வந்தாச்சு: அர்த்தம், ஒரு வாக்கியம். அதனால 28, 29, 45 எல்லாம் தானாவே வெளிய போயிடுச்சு. ஈ.டி.டி.ஏ. மட்டும் இருக்கு, ஊதாமூடி மேடம் சொன்னதை அப்படியே ஒப்பிச்சேன். புதன்கிழமை ரத்தம் எடுக்கப் போன இடத்துல அந்த ட்யூபைக் காட்டி நிரூபிக்கவும் செஞ்சேன்.

இன்னைக்கு இரும்புலியூர்கிட்ட ஒரு பழைய பஜாஜ் ஸ்கூட்டர். பின்னாடி கேஸ் சிலிண்டர். டி.என்., அப்புறம் வெறும் ஒய். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடி இருந்து "மல்லிகடானி, 12"ன்னு சத்தம். அர்த்தம்? "நேத்து ராத்திரி நீ ரெண்டாவது தடவை ஊத்திக்கிட்டது." அவங்க பாட்டி சொல்லிக் கொடுத்தாங்களாம். பாட்டிக்கு யார் சொன்னதுன்னு தெரியல.

நான் அவசரப்படல. சிக்னல் இன்னும் 40 செகண்ட் காட்டுது. நிதானமா "இன்டர்சேஞ்சபிலிட்டி"ன்னேன். 18. அர்த்தம்: ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை மாத்திப் போட முடியறது. வாக்கியம்: அந்த பஜாஜுக்கும் நம்ம வண்டிக்கும் ஸ்பேர் பார்ட்ஸ்ல அது கிடையாது. விரல் விட்டு எண்ணினா. டி பார்த்தா, என் பார்த்தா, கடைசில ஒய் பார்த்தா. ஒண்ணும் பேசல.

ஸ்கூல் வாசல்ல இறங்கி ஹெல்மெட்டைக் கழட்டிக் கையில கொடுத்துட்டுக் கேட்டா: "யார் சொல்லிக் கொடுத்தா?" பொய் சொல்ல வரல. போனை எடுத்து இந்த இழையைக் காட்டினேன். மணி அடிக்கிற வரைக்கும் அங்கயே நின்னு முதல் பக்கம் பூரா படிச்சா. சாயங்காலம் மிச்சத்தையும் படிப்பேன்னு லிங்க் வாங்கிட்டுப் போயிருக்கா.

அதனால டி.என். பி.க்யூ.-க்கு யாருக்காவது பதில் கிடைச்சா தயவுசெய்து இங்க போடாதீங்க. எனக்குத் தனிமடல்ல அனுப்புங்க.